அறுபத்தோராவது வரி

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். லண்டனில் அந்தக் கவிதைப் புத்தகங்களின் தோல் அட்டை பொடிப்பொடியாக உதிர்ந்ததற்கு எங்கள் டேனரி மேஸ்திரி காரணம் அல்ல. அங்கே தோலுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றியவர்கள் சாயத்தில் கலந்த திராவகம்தான் காரணம். இதை உரிய இடத்தில் சொல்ல எனக்கு ஒரே ஒரு முறை வாய்ப்புக் கிடைத்தது. நான் அதை அறுபத்தோராவது வரியில் சொன்னேன். அதுவரை யாரும் படிக்கவில்லை. மேஸ்திரியின் வேலை போயிற்று.

இது நடந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. எனக்கு எழுபத்திரண்டு வயது. உப்பைக் குறை, கோபத்தைக் குறை என்று டாக்டர் சொல்கிறார். உப்பைக் குறைத்துக்கொண்டேன்.

ஆம்பூரில் ஒரு டேனரியில் முப்பத்தாறு வருஷம் இங்கிலீஷ் குமாஸ்தாவாக இருந்தேன். முதலாளி ஊரில் மரியாதையுள்ள சாயபு. அவருக்குத் தமிழும் உருதும் கணக்கும் தெரியும், இங்கிலீஷ் தெரியாது. ஆடு, செம்மறி, மாட்டுத் தோல்களை ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்தி, சாயம் ஏற்றாமல், கட்டுக் கட்டாக லண்டனுக்கு அனுப்புவோம். ஒவ்வொரு கட்டின்மேலும் எங்கள் மார்க்கை மசியால் குத்துவோம். லண்டன் ஏலத்தில் கட்டைப் பிரித்து எல்லாத் தோலையும் பார்க்கிறவர்கள் கிடையாது. மேலே இரண்டைப் புரட்டுவார்கள், மார்க்கைப் பார்ப்பார்கள், விலை கேட்பார்கள். மார்க் கெட்டுப்போனால் டேனரியே கெட்டதுபோல. அந்த மார்க்குக்குப் பின்னால் இருந்த கை மேஸ்திரியின் கை. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அவர் நான்கு வருஷமாகத் தொட்டியில் இறங்கிக்கொண்டிருந்தார். பதினெட்டுத் தொட்டி. எந்தத் தோல் எந்தத் தொட்டியில் எத்தனை நாள் கிடந்தது என்பதற்கு அவரிடம் காகிதம் கிடையாது. கேட்டால் தவறாமல் சொல்வார். நான் இரண்டு மாதம் ரகசியமாக எழுதிவைத்து ஒத்துப் பார்த்தேன். ஒரு நாள்கூடப் பிசகவில்லை. அன்றிலிருந்து அவர்மேல் எனக்கு மதிப்பு.

நான் படித்தது வேலூரில் மிஷன் பள்ளிக்கூடத்தில். அங்கேதான் என்னைக் கெடுத்தார்கள்.

எங்களுக்கு இங்கிலீஷ் கவிதை சொல்லிக்கொடுத்த வெள்ளைக்கார ஆசிரியர் மேஜையில் ரூல் தடியால் தட்டிக்கொண்டே வாசிப்பார். வரிக்குப் பத்து அசை, ஐந்து தட்டு. படிக்கட்டு, பனைமரம், ரயில் பெட்டி என்று கண்ணில் பட்டதை எல்லாம் எண்ணுகிற பழக்கம் எனக்குச் சிறுவயதிலிருந்தே உண்டு. எண்ணக்கூடிய ஒரு பாஷையைக் கண்டதும் அதில் விழுந்துவிட்டேன். வகுப்பில் எல்லாரையும்விட அதிகமாக மனப்பாடம் செய்தவன் நான்: ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு வரி. எங்கள் பாடப்புத்தகத்தில் முப்பத்தொன்பது கவிஞர்கள் இருந்தார்கள். அந்த முப்பத்தொன்பது பேரும் என் அப்பா பிறப்பதற்கு முன்பே செத்துப்போனவர்கள். அதற்குப் பிறகும் அந்த நாட்டில் ஆட்கள் கவிதை எழுதுகிறார்கள், வேறு மாதிரி எழுதுகிறார்கள், கடிதத்தை வேறு மாதிரி எழுதுகிறார்கள் என்று அந்த மனிதர் ஒரு நாளாவது சொன்னாரா? சொல்லவில்லை. ரூல் தடியை எடுத்தார், தட்டினார், சம்பளத்தை வாங்கிக்கொண்டு கப்பல் ஏறினார். வெள்ளைக்காரத் துரைகள் சாப்பாட்டு மேஜையில் உப்பைக் கேட்பதுகூட அந்தப் பாஷையில்தான் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம்.

டேனரியில் சேர்ந்த பிறகு வேறொரு இங்கிலீஷ் கற்றுக்கொண்டேன். பழைய கடித நகல் புத்தகத்தைப் பார்த்து எழுதும் இங்கிலீஷ். கட்டு எத்தனை, கப்பல் எது, சேதம் என்ன. அது கூலிக்கார இங்கிலீஷ் என்றும், பெரிய மனிதர்களிடம் பெரிய காரியம் பேசுவதற்கு மற்றதுதான் வேண்டும் என்றும் என் மனதில் பதிந்திருந்தது. இருபத்திரண்டு வருஷம் அப்படி ஒரு பெரிய காரியம் வரவில்லை.

பிறகு பார்சல் வந்தது.

லண்டனில் எங்கள் தோலை ஏலத்தில் விற்றுக்கொடுத்த தரகர் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம், கூடவே கைக்குள் அடங்கும் சின்னப் புத்தகம் ஒன்று. கடிதத்தை முதலாளிக்குத் தமிழில் சொன்னேன். எங்கள் மார்க் போட்ட ஆட்டுத்தோலை அங்கே ஒரு சாயக்காரர் வாங்கிச் சிவப்புச் சாயம் ஏற்றி ஒரு புத்தகப் பதிப்பாளருக்கு விற்றிருக்கிறார். அந்தப் பதிப்பாளர் கவிஞருக்கு ஒரு புத்தகம் என்று வரிசையாக, சட்டைப்பையில் வைக்கிற அளவில், சிவப்புத் தோல் அட்டையும் தங்க எழுத்துமாகப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் லண்டனில் அது ஒரு பைத்தியம். கவிதை படிக்கிறவர்கள் வாங்கினார்கள், படிக்காதவர்கள் பரிசு கொடுக்க வாங்கினார்கள். நான்கே வருஷத்தில் அலமாரியில் வைத்த புத்தகத்தின் முதுகு பொடியாக உதிர்ந்தது. வாங்கியவர்கள் பதிப்பாளரைத் திட்டினார்கள். பதிப்பாளர் சாயக்காரரைச் சொன்னார். சாயக்காரர் ஆம்பூர்த் தோலைச் சொன்னார். ஆம்பூருக்கு அப்பால் யாரைச் சொல்ல? ஆகவே காரணம் என்ன என்று மறு தபாலில் தெரிவிக்க வேண்டும். திருப்தியான பதில் இல்லாவிட்டால் மார்க் இரண்டாம் தரத்துக்கு இறங்கும். தவறு செய்த ஆளை விலக்க வேண்டும்.

முதலாளி புத்தகத்தைக் கையில் எடுத்தார். வெள்ளை ஜிப்பாவில் சிவப்பாகக் கொட்டியது.

“இன்னாய்யா இது, குங்குமம் மாதிரி கொட்டுது” என்றார். “நம்ம தோலா இது?”

“நம்ம தோல்தான்னு சொல்றாங்க மொதலாளி.”

“மேஸ்திரியக் கூப்புடு.”

மேஸ்திரி முழங்கால்வரை பட்டைத் தண்ணீர்க் கறையோடு வந்து வாசலிலேயே நின்றார். புத்தகத்தை நீட்டினேன். அவருக்கு எந்தப் பாஷையிலும் படிக்கத் தெரியாது. அட்டையை மடக்கினார், விரலால் சுரண்டினார், ஓரத்தில் கிழித்துப் பார்த்தார். பிறகு யாரும் எதிர்பாராத ஒரு காரியம் செய்தார். புத்தகத்தின் முதுகை நாக்கால் நக்கினார்.

“ஏய், ஏய். அது பொஸ்தகம்யா” என்றார் முதலாளி.

“தோலு மொதலாளி. பொஸ்தகம் உள்ள இருக்குது.” வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார். “சுடுது. நம்ம தொட்டித் தண்ணியும் புளிக்கும், அது காடிப் புளிப்பு. நாக்குல தங்கும், சுடாது. இது தட்டான் பட்டறையில வச்சிருப்பானே திராவகம், அது. சாயம் நல்லா ஏறணும்னு ஊத்திருக்கிறான். ஊத்தினவன் கழுவல.”

“நீ சொல்றது அவனுக்குத் தெரியுமா?”

“தெரியாமயா எம்மேல போடறான்?”

முதலாளி என் பக்கம் திரும்பினார். “எழுது. மேஸ்திரி சொன்னத அப்படியே எழுது. ஜாஸ்தியும் வாணாம், கம்மியும் வாணாம்.”

அப்படியே எழுது என்றார். என் காதால் கேட்டேன். ஆறு வாக்கியம் போதும். அன்று மத்தியானமே முடித்திருக்கலாம். நான் என்ன சொன்னேன்? “இது சாதாரண லெட்டர் இல்ல மொதலாளி. ரெண்டு நாள் குடுங்க, நல்லா எழுதறேன்” என்றேன். அந்தச் சின்னப் புத்தகத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மேஸ்திரி வழியில் என்னோடு கொஞ்ச தூரம் நடந்தார். “ரைட்டரே, எனக்கு இங்க வுட்டா வேற எடம் இல்ல. எம்பேரு கெட்டுப்போச்சின்னா பேரணாம்பட்டுலயும் சேத்துக்க மாட்டான், வாணியம்பாடியிலயும் சேத்துக்க மாட்டான். பாத்து எழுது” என்றார்.

“கவலப்படாத மேஸ்திரி. அவங்க இதுவரைக்கும் பாத்திருக்க மாட்டாங்க, அப்படி ஒரு லெட்டர் எழுதறேன்” என்றேன்.

அந்தப் புத்தகம் இருநூற்றுப் பதினாறு பக்கம். வரிசையில் மற்றதெல்லாம் ஒவ்வொரு கவிஞரின் பாடல்கள். எங்களுக்கு அனுப்பியது மட்டும் இங்கிலீஷ் கவிதை ஆதி முதல் எப்படி வளர்ந்தது, எப்படி அச்சேறியது என்கிற கதை. தரகர் கம்பெனிக்காரன் அலமாரியில் கையில் அகப்பட்டதைத் தூக்கிப்போட்டிருப்பான். வேறு எதையாவது போட்டிருக்கக்கூடாதா என்று இன்றும் நினைக்கிறேன். அதில் இருந்தது இது: முதலில் அரண்மனையில் இருந்தவர்கள் கையால் எழுதித் தங்களுக்குள் சுற்றவிட்டார்கள். அச்சேற்றுவது கௌரவக் குறைவு என்று நினைத்தார்கள். பிறகு கவிஞன் பிரபுவை அண்டி வாழ்ந்தான். புத்தகத்தின் முதல் பக்கத்தில் பிரபுவைப் புகழ்ந்து பாடினான், கேட்டது கிடைத்தது. வழக்கில் சிக்கிய நண்பனுக்காகக் கவிஞன் ஒரு பிரபுவுக்குச் செய்யுளிலேயே விண்ணப்பம் எழுதி அவனை மீட்ட கதை ஒன்று ஐம்பத்திரண்டாம் பக்கத்தில் இருந்தது. அப்புறம் சந்தாதாரர் பெயர்களைப் புத்தகத்தின் முன்னால் அச்சிட்ட காலம். அப்புறம் புத்தகக் கடைக்காரர்களே பதிப்பாளர் ஆன காலம். கடைசியில் பிரபுவும் இல்லை, சந்தாவும் இல்லை. முகம் தெரியாத ஜனங்களுக்குச் சின்ன அளவில் ஆயிரக்கணக்காக அடித்துத் தள்ளுகிற காலம்.

பிரபுக்கள் வருகிற அத்தியாயத்தை மூன்று முறை படித்தேன். கடைசி அத்தியாயத்தை ஒரு முறை புரட்டினேன். என் முட்டாள்தனத்தின் முழு விவரமும் இந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

ஏனென்றால் பிரபுக்கள் அத்தியாயம் எனக்குத் தெரிந்த விஷயம். நம் புலவர்கள் சீட்டுக்கவி எழுதியவர்கள்தானே. வேண்டியதைப் பாட்டாக எழுதி ஓலையில் அனுப்பினால் ஜமீன்தார் கொடுத்தார். என் அப்பா மிஷன் சபையில் உபதேசியார். கலவைப் பக்கம் ஒரு கிராமத்தில் ஜெபவீட்டுக் கூரைக்கு மரம் இல்லாமல், பக்கத்து ஜமீன்தாருக்கு எட்டு வரியில் சீட்டுக்கவி அனுப்பினார். அவர் இவரது மதம்கூட இல்லை. பதினோரு உத்திரம் வந்தது. அந்தப் பதினோரு உத்திரமும் இன்னும் அந்தக் கூரையில் இருக்கிறது. அங்கே போகும்போதெல்லாம் அண்ணாந்து எண்ணுவேன். கவிதைக்குத் தோல் அட்டை போட்டுத் தங்க எழுத்துப் பொறிக்கிற ஜனங்கள், கவிதையிலே வருகிற விண்ணப்பத்தைத் தள்ளுவார்களா? இதுதான் என் கணக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்து உட்கார்ந்தவன் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. விரல்விட்டு எண்ணி, வரிக்குப் பத்து அசையாக, எண்பத்து நான்கு வரி எழுதினேன். முதல் பன்னிரண்டு வரி தரகர் கம்பெனித் துரைக்குப் புகழ். அடுத்தது தேம்ஸ் நதியும் பாலாறும் சகோதரிகள். ஒருத்திக்கு எப்போதும் தண்ணீர், ஒருத்திக்கு எப்போதும் மணல். அப்புறம் எனக்குத் தெரிந்த முப்பத்தொன்பது கவிஞர்களில் பதினேழு பேருக்கு வணக்கம். அப்புறம் ஆடு. ஜவ்வாது மலை அடிவாரத்தில் மேய்ந்த ஆடு, தான் செத்துக் கவிஞனுக்குச் சட்டையாவது எத்தனை பெரிய பாக்கியம் என்று. அறுபது வரி ஆகிவிட்டது. அறுபத்தோராவது வரியில்தான் தவறு எங்கள் தொட்டியில் இல்லை, உங்கள் சாயத் திராவகத்தில் என்று ஆரம்பித்தேன். அதையும் நேராகச் சொல்லவில்லை. ரத்தினக்கல்லில் ஒளிந்த விஷம் என்றேன். அடுத்த நான்கு வரியில் விளக்கினேன். மீதி பத்தொன்பது வரி மறுபடியும் புகழ்.

அத்தாட்சியும் வைத்தேன். அது மட்டும் நான் செய்த புத்தியுள்ள காரியம். என் கல்யாணத்துக்கு மேஸ்திரி தன் கையால் பதப்படுத்திய ஆட்டுத்தோல் ஒன்று கொடுத்திருந்தார். அதை வேலூரில் கொடுத்து என் ஞானப்பாட்டுப் புத்தகத்துக்கு அட்டை போட்டிருந்தேன். சாயம் கிடையாது. பத்தொன்பது வருஷம், வாரம் இரண்டு தடவை கைவேர்வை பட்டும் ஒரு துளி உதிரவில்லை. கத்தரிக்கோலை எடுத்துப் பின்அட்டையிலிருந்து இரண்டு விரல் அகலத்தில் ஒரு துண்டு வெட்டினேன். என் மனைவி பார்த்துவிட்டாள்.

“இன்னா பண்றீங்க? யாராவது ஞானப்பாட்டுப் பொஸ்தகத்த அறுப்பாங்களா?”

“மேஸ்திரிக்காக.”

“மேஸ்திரிக்கு இன்னாத்துக்கு இது? அவுரு வேற சாமி கும்புடறவரு.”

“லண்டனுக்கு அனுப்பணும். அத்தாட்சி.”

“அனுப்புங்க. அடுத்த வாரம் கோயில்ல அந்த ஓட்டைய பாதிரி ஐயர் பாத்துக் கேட்டா நீங்களே சொல்லிக்கோங்க.”

துண்டைக் கடிதத்தின் ஐந்தாவது தாளுக்குப் பின்னால் குத்தினேன். ஐந்தாவது தாளில்தான் அறுபத்தோராவது வரி இருந்தது. முதல் தாளில் குத்தியிருக்கலாம். குத்தவில்லை. அழகாக இருக்காது என்று நினைத்தேன்.

மறுநாள் முதலாளி கையெழுத்துப் போடும்போது தாள்களைப் புரட்டினார். “இன்னாய்யா, வரி எல்லாம் ஓரத்துக்குப் போகாம நடுவுலயே நிக்கிது?”

“அது ஒரு முறை மொதலாளி. ரொம்ப மரியாதையான முறை.”

“திராவகம் வந்துச்சா?”

“வந்துச்சு.”

அவர் போட்டுவிட்டார். என்னை நம்பினார். வாசலில் நின்ற மேஸ்திரியும் நம்பினார். மூன்று பேரில் இங்கிலீஷ் தெரிந்தவன் ஒருவன். அந்த ஒருவன்தான் தப்புச் செய்தவன்.

தபால் போக மூன்று வாரம், வர மூன்று வாரம். நாற்பத்து நான்காம் நாள் பதில் வந்தது. கடிதம் ஒன்று, லண்டன் தோல் வியாபாரிகளின் வாரப் பத்திரிகை ஒன்று. பத்திரிகையை முதலில் பிரித்தேன். ஒன்பதாம் பக்கத்தில், வியாபாரச் செய்திகள் முடிகிற இடத்தில், வாசகர்கள் சிரிப்பதற்கென்று ஒதுக்கிய கட்டத்துக்குள் என் வரிகள் இருந்தன. தரகர் கம்பெனியில் எவனோ ஒருவன் என் கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுத்திருக்கிறான். ‘தொட்டியிலிருந்து ஒரு புலவர்’ என்கிற பொருளில் தலைப்பு. தேம்ஸும் பாலாறும், பிறகு ஆடு. எண்பத்து நான்கில் இருபத்தாறு வரி. ஆடு பாக்கியம் பெற்ற இடத்தோடு நிறுத்திவிட்டார்கள். திராவகம் இல்லை. தோல் துண்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கீழே ஒரு வரிக் குறிப்பு: இதை அனுப்பிய கம்பெனியின் தோலைவிட அதன் கவிதை நீடித்து உழைக்கும் என்று நம்புவோமாக.

என் இங்கிலீஷ் கவிதை அச்சேறியது அந்த ஒரு முறைதான். எவ்வளவோ பேர் எவ்வளவோ எழுதி அந்த நாட்டுப் பதிப்பாளர்களிடம் கெஞ்சித் திரும்பியிருக்கிறார்கள் என்று அந்தச் சின்னப் புத்தகமே சொல்கிறது. நான் கேட்காமலே அச்சிட்டார்கள். உண்மையைச் சொன்னால், ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், என் வரிகளை அச்செழுத்தில் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்காக என்னை நான் மன்னிக்கவில்லை. அவர்களையும் மன்னிக்கவில்லை. சிரிக்கிறவன் சிரிக்கட்டும், சிரித்துவிட்டு அடுத்த தாளைத் திருப்பக் கை வலிக்கிறதா? ஐந்தாவது தாளில் ஒரு மனிதனின் பிழைப்பு குண்டூசியில் குத்தி வைத்திருந்தது.

கடிதம் சின்னது. கேட்ட விளக்கம் வரவில்லை. மார்க் இரண்டாம் தரத்துக்கு இறக்கப்படுகிறது. பொறுப்பான ஆளின் பெயரையும் அவரை விலக்கிய செய்தியையும் தெரிவித்தால் அடுத்த வருஷம் யோசிக்கப்படும். இனிமேல் கடிதங்கள் தெளிவான இங்கிலீஷில் இருப்பது நல்லது.

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டிக் குறைக்கவில்லை. அவர் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பாட்டா எழுதன?”

“ஆமா மொதலாளி.”

“தோலுக்கா?”

“மரியாதையா இருக்கும்னு.”

“ஆட்டுக்குக்கூடப் பாட்டு எழுதிட்ட. அந்த ஆளுக்கு ஒரு வரி எழுத முடியல உனக்கு.” சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “இப்ப மறுபடியும் எழுதினா?”

“எழுதலாம். விளக்கமா எழுதறேன்.”

“ஆறு வாரம். அதுக்குள்ள மூணு கப்பலு சரக்கு ரெண்டாந்தரத்துல போய்டும். ஒரு பேரு கேக்குறான். குடுத்துட்டா வுட்டுடுவான்.” ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: “உம்பேர குடுத்தா நாளைக்கு லெட்டரு யாரு எழுதறது? ரொம்ப பேஜாராப்போச்சு. மேஸ்திரி பேர எழுது.”

எழுத மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு நான்கு பிள்ளைகள். மேஸ்திரிக்கு ஐந்து. நான்கு ஐந்தைவிடக் குறைவு என்று எனக்குத் தெரியாதா? எழுதினேன். அந்தக் கடிதம் மூன்று வரி. கூலிக்கார இங்கிலீஷ். நான் எழுதியதிலேயே அதைவிடத் தெளிவான இங்கிலீஷ் கிடையாது. அதற்குப் பதில் மிகவும் திருப்தியாக வந்தது.

மேஸ்திரி கணக்கு முடித்துக்கொண்டு போகிற அன்று என் மேஜைக்கு வந்தார். இருபத்தாறு வருஷத்தில் அன்றுதான் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

“அந்த லெட்டர எனக்குப் படிச்சிக் காட்டு ரைட்டரே. மொதல்ல எழுதனது.”

நகல் புத்தகத்தை எடுத்து இங்கிலீஷில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி என்று படித்தேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். பாலாறு வந்தபோது, “மணலு சரி” என்றார். ஆடு வந்தபோது சிரித்தார். “ஆட்ட நல்லா சொல்லிருக்கிற. அந்த ஆடு கேட்டா ஒத்துக்காது.” படித்துக்கொண்டே போனேன். ஆடு முடியவில்லை. அவர் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தார்.

“திராவகம் எங்க?”

“வருது.”

“எங்க வருது?”

“அறுபத்தோராவது வரியில.”

“அதுக்கு முன்னாடி அறுவது வரி இன்னாத்துக்கு?”

ஜமீன்தார், பதினோரு உத்திரம், ஐம்பத்திரண்டாம் பக்கத்துப் பிரபு, வெள்ளைக்கார ஆசிரியரின் ரூல் தடி, எதைச் சொல்லுவது?

“ஊருல நெருப்புப் புடிச்சா நெருப்புன்னுதானே மொதல்ல கத்துவாங்க” என்றார். பிறகு, “எம்பேரு இதுல எந்த வரியில வருது?”

“இதுல பேரு எழுதல மேஸ்திரி. திறமையுள்ள கைன்னு எழுதியிருக்கேன்.”

“அப்ப எம்பேரு லண்டனுக்கே போகலையா?”

நான் நகல் புத்தகத்தை மூடப் போனேன். அவருக்குப் புரிந்துவிட்டது. கையை நீட்டினார். “ரெண்டாவது எழுதனியே, அந்த லெட்டரக் காட்டு.” காட்டினேன். “எம்பேரு எது?” விரலை வைத்துக் காட்டினேன். முதல் வரியில், மூன்றாவது வார்த்தை. தன் பெயரை எழுத்தில் அவர் முதல் தடவையாகப் பார்த்தார். பட்டைக் கறை ஏறிய விரலால் தொட்டார். மசி காய்ந்திருந்தது, ஒட்டவில்லை.

“இதுல மட்டும் மொதல்லயே சொல்லிருக்கிற” என்றார். எழுந்து போய்விட்டார்.

பேரணாம்பட்டு, வாணியம்பாடி இரண்டும் அவர் சொன்னபடியே கதவைச் சாத்தின. கலவைப் பக்கம் மனைவியின் தம்பியிடம் நெல் வயலில் கூலிக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன். அப்பாவின் ஜெபவீட்டுக்காக அந்தப் பக்கம் பதின்மூன்று தடவை போயிருக்கிறேன். அவரை ஒரு தடவையும் போய்ப் பார்க்கவில்லை. அவர் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது.

நடுவில் வந்த யுத்தம் முடிந்த பிறகு லண்டன் தரகர்களிடமிருந்து வந்த ஒரு விலைப் பட்டியலில், புத்தகக் கட்டடத்துக்கு வேண்டிய தோலுக்குச் சாயத்தில் திராவகம் சேர்க்கக்கூடாது என்று ஒரு நிபந்தனை அச்சிட்டிருந்தது. எங்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அந்தப் பதிப்பாளர் தோலையே விட்டுவிட்டுத் துணி அட்டைக்குப் போய்விட்டதாகவும் கேள்வி. கவிதைகள் துணியிலும் விற்கும். நான் அந்தப் பட்டியலை முதலாளி மகனிடம் காட்டினேன். “அது அப்பா காலத்துச் சங்கதி, இப்ப இன்னாத்துக்கு?” என்றான்.

மேஜைமேல் இரண்டு புத்தகங்கள் இருக்கின்றன. சிவப்புப் புத்தகத்துக்கு முதுகு இல்லை, நூல் தெரிகிறது. எடுத்தால் இன்னும் கொட்டுகிறது. ஞானப்பாட்டுப் புத்தகத்துக்கு இந்த வருஷத்தோடு நாற்பத்தைந்து வயது. பின்அட்டையில் இரண்டு விரல் அகலத்துக்கு ஓட்டை. மற்றபடி ஒரு கீறல் இல்லை. நக்கியும் பார்த்தேன். சுடவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் அந்த மேஸ்திரியின் பெயர் என்ன என்று கேட்கலாம். எழுத மாட்டேன். அந்தப் பெயரை நான் ஒரு முறை எழுதியிருக்கிறேன்.